எடப்பாடியில் ரகசியம் பேசக் கூடாது

சேலத்துக்குப் போகிறவர்கள் மாம்பழத்துக்காகப் போவார்கள், ஏற்காட்டுக்காகப் போவார்கள். நான் என் மகளைப் பிடித்துக்கொண்டு வரப் போனேன்.

அனுப்பியது என் மனைவி. ஒரு பெரிய டப்பா நிறையப் பருப்புப் பொடி, பிளாஸ்டிக் உறையில் ஒரு மாப்பிள்ளைப் பையனின் ஜாதகம், அவற்றோடு ஓர் உத்தரவு. "பக்குவமாப் பேசி அவளக் கூட்டிட்டு வாங்க. போன எடத்துல கத பேசிட்டு நின்னுடாதீங்க." எங்கள் நீண்ட மண வாழ்க்கையில் அவள் என்னை நம்பி ஒப்படைத்த இரண்டாவது பெரிய காரியம் இது. முதலாவது, கிரைண்டரைப் பழுது பார்த்து வாங்கி வருவது. கிரைண்டர் இன்னும் கடையில்தான் இருக்கிறது.

மகள் பெயர் இளவேனில். நாலு புத்தகம் வாசித்த திமிரில் நான் வைத்த பெயர். சட்டம் படித்தாள். மயிலாப்பூரில் அவளுடைய தாய்மாமன் பெரிய வக்கீல். குளிர்சாதன அறையில் அவளுக்கென்று ஒரு மேசையைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவளோ சேலம் அஸ்தம்பட்டியில், வசதியில்லாதவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் வழக்குப் பார்க்கும், 'லீகல் கிளினிக்' என்று சொல்லப்படும் ஒரு சட்ட உதவி மையத்தில் போய்ச் சேர்ந்தாள். "ஒரு வருஷம்தாம்மா" என்றாள். வருஷம் முடிந்து சில மாதங்கள் ஓடிவிட்டன. தமிழ்நாட்டில் நாள்காட்டியை இவ்வளவு கறாராக நம்புகிறவர் என் மனைவியைத் தவிர வேறு யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை சேலத்தில் இறங்கினேன். அஸ்தம்பட்டிக்கு ஆட்டோ பிடித்தேன். "கிளினிக்குக்குப் போகணும்" என்றதும் ஓட்டுநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் வயதில் எந்த உறுப்பு முதலில் கெட்டிருக்கும் என்று கணக்குப் போட்டார் போல.

"கண்ணா, பல்லா, முட்டியா சார்?"

"சட்டம்."

"அட, வேணி மேடமா? அதை முதல்லயே சொல்றதில்ல?"

ஒரு விநாடி எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. பல இரவுகள் நூல்களைப் புரட்டி நான் தேர்ந்தெடுத்த இளவேனிலைச் சேலத்துக்காரர்கள் கத்தரித்து 'வேணி' ஆக்கியிருக்கிறார்கள். "எங்க அக்காவுக்கு அவங்கதான் பார்த்தாங்க" என்றார் ஓட்டுநர். அப்புறம் ஏற்காடு சாலையின் இருசக்கர வாகனப் பிரவாகத்துக்குள் ஆட்டோவைச் செருகினார். அந்தச் சாலையைக் கடக்கச் சென்னைக்காரனான நானே கண்ணை மூடிக்கொண்டேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

சட்ட மையம் முதல் மாடியில். தரைத்தளத்தில் பல் மருத்துவமனை. இரண்டுக்கும் ஒரே வாசல். இதனால் கன்னம் வீங்கியவர்கள் மேலே ஏறி வந்து சட்டப் புத்தகங்களைக் கண்டு மிரள்வதும், வழக்கு உள்ளவர்கள் கீழேயே மாட்டிக்கொள்வதும் அன்றாடம் நடக்கிறது. வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்திவிட்டார் என்று சொல்ல வந்த ஒருவரைக் கீழே நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார்களாம். அவர் வாயைத் திறந்து தண்ணீர்ப் பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள் மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. "நல்லதாப் போச்சுங்க, அந்தப் பல்லும் ஆடிட்டுதான் இருந்துச்சு" என்று கோணிய வாயோடு மேலே வந்தாராம்.

மேலே ஒரே கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் கேன், முக்கி முக்கிச் சுழலும் ஒரு மின்விசிறி. மைத்துனரின் அலுவலகத்தில் சோபா இருக்கும். உட்கார்ந்தால் உள்ளே போய்விடுவோம், எழுந்திருக்கவே ஒரு வக்கீல் வேண்டும். என் மகள் ஒரு முதியவருக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மகன் சோறு போடுவதில்லை என்று புகார்.

"அவன ஜெயில்ல போடோணும் சாமி."

"போடலாம்ங்க ஐயா. முதல்ல கூப்பிட்டுப் பேசிப் பார்ப்போம்."

"பேச்செல்லாம் வேண்டாம். ஜெயிலுதான். ஆனா ஞாயித்துக்கெழமை விட்டுரோணும். கறி எடுத்தாரது அவந்தான்."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் என்னை அசத்தியது. என் மகளுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. பள்ளியில் அதற்காகவே வெளியே நிறுத்தப்பட்டவள். அவள் தலையை ஆட்டி, "அப்போ கறி எடுத்துத் தர்ற மகன், சோறு மட்டும் போடலியா?" என்று கேட்டாள். முதியவர் யோசித்தார். அப்புறம் உண்மை மெதுவாக வெளியே வந்தது: சோறு வருகிறது, பேச்சுத்தான் வருவதில்லை. தட்டை வைத்துவிட்டு மகன் போய்விடுகிறான். மகனை அடுத்த வாரம் வரச் சொல்லி ஏற்பாடாயிற்று. அவள் அந்த முதியவரோடு படியிறங்கிப் போய்ப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தாள். மயிலாப்பூரில் கட்சிக்காரர்தான் வக்கீலைக் கார் வரை கொண்டுபோய் விடுவார்.

மாலையில் தள்ளுவண்டிக் கடையில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சையும் சிவப்புமாகச் சட்னிகள். மொத்தத்தையும் ஒரே வாயில் போட வேண்டும். கடித்துத் தின்றால் சட்டைக்குப் பாதி போய்விடும். வாய் நிறைந்திருந்த அந்தச் சமயம் பார்த்துத்தான் பக்குவமாகப் பேச ஆரம்பித்தேன்.

"அப்பா, முழுங்கிட்டுப் பேசு."

முழுங்கினேன். பேச வந்ததும் சேர்ந்து உள்ளே போய்விட்டது.

சனிக்கிழமை அவளோடு எடப்பாடிக்குப் பேருந்தில் கிளம்பினேன். அவளுக்கு முன்னால் பெண்கள் பக்கம் இடம் கிடைத்தது. எனக்குப் பின்னால். தனிமை கிடைத்ததால் ஜாதகத்தை உறையிலிருந்து வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எப்படிப் பேச்சை எடுப்பது என்று யோசித்தேன். மகுடஞ்சாவடியில் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மடியில் ஓர் ஆட்டுக்குட்டி, இளம் செம்பழுப்பு நிறம். கொங்கணாபுரம் சந்தைக்குப் போகிறதாம்.

"ஒண்ணும் பண்ணாதுங்க. மேச்சேரி ஆடு. ரொம்ப அடக்கம்."

அடக்கமான அந்தக் குட்டி, நான் சன்னல் வழியே கரும்புத் தோட்டம் பார்த்த நேரத்தில், மாப்பிள்ளையின் ஜாதகக் கட்டத்தில் கீழ்ப்பாதியை மென்றுவிட்டது. பிடுங்கிப் பார்த்தேன். லக்னம் மிஞ்சியிருந்தது. கல்யாணத்தைச் சொல்லும் ஏழாம் இடம் ஆட்டின் வாயில்.

"பேப்பருன்னா அதுக்கு உசுருங்க" என்றார் அவர், சிறிதும் பதறாமல். "என்ன பேப்பருங்க அது?"

"ஜாதகம். மாப்பிள்ளைப் பையனோடது."

"அட கெரகமே. பொண்ணு ஆருங்க?"

முன்னால் உட்கார்ந்திருந்த என் மகளின் பின்னலைக் காட்டினேன். அவர் பின்னலைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். "அப்ப உடுங்க. ஆடே வேண்டாம்னு சொல்லிப்போடுச்சு" என்றார். கொங்கணாபுரத்தில் குட்டியோடு இறங்கிப் போனார். சந்தை ஆடுகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றதால் பேருந்து வெகுநேரம் நகரவில்லை. எல்லா ஆடுகளும் என்னையே பார்ப்பது போலிருந்தது.

நாங்கள் எடப்பாடிக்குப் போனது பூங்கொடியைப் பார்க்க. யார் பூங்கொடி என்று வழியில் மகள் சொன்னாள். விசைத்தறி ஓட்டுகிறவள். கணவன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போனவன். மாதக் கணக்காக வருவதில்லை, போனும் எடுப்பதில்லை. வீட்டையும் அதை ஒட்டிய தறிக்கூடத்தையும் இருவரும் சேர்ந்து தறி ஓட்டிய காசில் கட்டினார்கள். பத்திரம் மட்டும் கணவனின் அண்ணன் கந்தசாமி பேரில். பூங்கொடியின் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. பள்ளியில் படிக்கும் தன் மகளை அழைத்துக்கொண்டு அம்மா ஊரான மேச்சேரியில் சில நாள் இருந்துவிட்டுத் திரும்பினாள். வீட்டில் புதுப் பூட்டு தொங்கியது. "ஊடு என்றது", அதாவது வீடு என்னுடையது என்று கந்தசாமி சொல்லிவிட்டார். உடுத்திய துணியோடு நின்றவள், அன்றிலிருந்து மேச்சேரிக்கும் எடப்பாடிக்கும் பேருந்தில் அலைந்து, அடுத்தவர் தறியில் கூலிக்கு ஓட்டுகிறாள். மகளின் பள்ளிக்கூடப் பை கூட உள்ளேதான் இருக்கிறது.

"திங்கக்கிழமை கந்தசாமிய சமரசத்துக்குக் கூப்பிட்டிருக்கேன். வரேன்னுருக்காரு. அன்னைக்கு எப்படியாவது பூங்கொடியக்காவை வீட்டுக்குள்ள கொண்டுபோய் விடணும்ப்பா" என்றாள் மகள்.

"திங்கக்கிழமை ஏன்?"

"அன்னைக்கு மெயின்டனன்ஸ், கரண்ட் இருக்காது."

எடப்பாடியில் சட்ட முகாம் நடப்பதற்கு நல்ல நாள், முகூர்த்தம் எதுவும் கிடையாது. மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள்தான் முகாம் நாள். தறி நின்றால்தான் ஊர் எழுந்து வெளியே வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திப் பார்த்தார்களாம். மகளும் ஒரு மின்விசிறியும் மட்டும் இருந்தார்களாம். இப்போது மின்தடை அறிவிப்பைப் பார்த்து முகாமை வைக்கிறாள். மின்சாரம் போவதை இவ்வளவு ஆவலாக எதிர்பார்க்கும் ஒரே தமிழச்சி என் வயிற்றில்... இல்லை, என் மனைவியின் வயிற்றில் பிறந்திருக்கிறாள்.

பூங்கொடி கூலிக்கு ஓட்டும் தறிக்கூடத்துக்குள் நுழைந்ததும் காது என்ற ஒன்று எனக்கு இல்லாமல் போயிற்று. அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தறி போட்டு ஓட்டுவது போலிருந்தது. கூடத்தின் கோடியில் பூங்கொடி. சிவந்த, ஒல்லியான முகம், தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு. என் மகளைப் பார்த்ததும் கையசைத்து, இந்த ஓட்டம் முடிந்ததும் வருகிறேன் என்று காட்டினாள். அங்கங்கே வேறு பெண்கள், ஆண்கள்.

நான் மகள் பக்கம் திரும்பி, "பசி உயிர் போகுது" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது. நேற்றிலிருந்து தொண்டையில் நிற்கும் விஷயத்தை இங்கே சொல்லிவிட்டால்? சொன்ன மாதிரியும் ஆயிற்று, கேட்காத மாதிரியும் ஆயிற்று. நன்றாக நிமிர்ந்து நின்று, தெளிவான உச்சரிப்பில் சொன்னேன்: "உங்கம்மா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னா. ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கா. மாமா ஆபீஸ்ல சேர்ந்துக்கோ. இந்த ஊர் போதும், கிளம்பு."

மகள் காதைக் காட்டி, "என்ன?" என்று வாயசைத்தாள்.

"ஒண்ணுமில்ல" என்று கையை ஆட்டினேன். எவ்வளவு நிம்மதி.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் தட்டில் சூடான போண்டாக்களும் டீயும் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். கோடியிலிருந்து பூங்கொடி தலையசைத்தாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. முகத்தைப் பார்த்தே பசியை அறிகிற தாயுள்ளம் என்று வியந்து, மூன்றாவது போண்டாவையும் எடுத்தேன்.

வெளியே வந்ததும் மகள் போனில் பேசிக்கொண்டே சற்றுத் தள்ளிப் போனாள். பூங்கொடி புருவத்துப் பஞ்சைத் துடைத்தபடி என்னிடம் வந்தாள்.

"ஏனுங்கப்பா, வக்கீலம்மாளக் கூட்டிட்டுப் போறீங்களாமா?"

போண்டா தொண்டையில் நின்றது. "யார் சொன்னா?"

"நீங்கதானுங்க சொன்னீங்க. பசிக்குதுன்னு சொன்னதுக்கு அப்பறமேட்டுக்கு."

தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். காது உதவாத இடத்தில் வாயைப் பார்த்தே பேச்சை வாங்கிக்கொள்ளப் பழகியவர்கள். கூடத்தின் இந்தக் கோடியில் ஒருத்தி மருமகளைத் திட்டினால் அந்தக் கோடியில் பதில் வரும், குரலே இல்லாமல். என் நல்ல உச்சரிப்பை அந்தக் கூடம் முழுக்கப் படித்திருக்கிறது. எழுத்தாளன் என்ற முறையில் என் வாழ்நாளில் எனக்கு ஒரே சமயத்தில் கிடைத்த அதிகபட்ச வாசகர்கள் அவர்கள்தான்.

"போறதுன்னாப் போகட்டுங்க. பெத்தவங்க கூப்பிட்டா என்ன பண்றது" என்றாள் பூங்கொடி. குரலில் குறையில்லை, கெஞ்சலும் இல்லை. "திங்கக்கெழம மட்டும் இருக்கச் சொல்லுங்க. இன்னொருத்தருக்கிட்ட மறுக்கா முதல்ல இருந்து சொல்றதுக்கு எனக்குத் தெம்பு இல்லீங்க."

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டேன். மிளகாயும் தேங்காய்ச் சில்லும் சின்ன வெங்காயமும் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. வேறு எதுவும் தேவையும் இல்லை. கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தபோது மனைவி அழைத்தாள்.

"பேசினீங்களா?"

"பேசிட்டேன்."

பொய் இல்லை. பேசியிருந்தேன். ஊரே சாட்சி. வக்கீலைப் பெற்றவனுக்கு இந்த மாதிரிப் பதில்கள் தானாக வந்துவிடுகின்றன.

திங்கட்கிழமை முகாம், எடப்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். முகூர்த்தம் இல்லாத நாளில் உரிமையாளர் சும்மா திறந்துவிடுகிறார். நீள மேசைகள், நீள பெஞ்சுகள். சட்டம் கேட்க வந்தவர்கள் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் கை தன்னையறியாமல் இலையைத் தேடியது. மகள் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பேசினாள், சாம்பார் வாளி மட்டும்தான் கையில் இல்லை. ஊர் அப்படியொரு அமைதியில் இருந்தது. தறி நின்ற எடப்பாடியில் சேவல் கூவுவது கூட அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்டது.

கந்தசாமி தன் மச்சான் தங்கவேலோடு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, எல்லோருக்கும் கும்பிடு. அவர்களை மணமகன் அறையிலும் பூங்கொடியை மணமகள் அறையிலும் உட்கார வைத்தார்கள். சமரசம் பேச வந்த மூத்த வக்கீலம்மா ஒருவர் இரண்டு அறைகளுக்கும் மாறி மாறிப் போய்வந்தார். கடைசியில் எல்லோரையும் கூடத்தில் ஒரு மேசைக்கு அழைத்து உட்கார வைத்தார். நான் பக்கத்து பெஞ்சில், மகளின் பையைக் காவல் காத்தபடி.

கந்தசாமி பேசிய பேச்சைக் கேட்டு எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "தம்பி பொண்டாட்டின்னா எனக்குப் பொண்ணு மாதிரிங்க. ஊடு பழுதாக் கெடந்துச்சு, அதான் பூட்டுனேன். தை நோம்பி முடியட்டும், வெள்ளையடிச்சு நானே சாவி குடுத்து உள்ள உடறேன்." தை நோம்பி என்றால் பொங்கல். எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்தேன். மனிதர்களை எடைபோடுவதில் எனக்குள்ள திறமை அப்படி.

"என்னம்மா, சரிதானே?" என்றார் மூத்த வக்கீலம்மா. பூங்கொடி என் மகளைப் பார்த்தாள். "யோசிக்கட்டும். ஒரு டீ குடிச்சுட்டு வந்துருவோம்" என்றாள் என் மகள்.

கந்தசாமியும் தங்கவேலும் எழுந்து கூடத்தின் கோடியில் கை கழுவும் இடத்துக்குப் போனார்கள். எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்கள். ஊர் நிசப்தமாக இருந்ததால் கிசுகிசுத்தாலும் கேட்டுவிடும் என்று கந்தசாமிக்குத் தெரியும். அதனால் தறிக்காரர்கள் ரகசியம் பேசும் முறையில் குரலை முழுக்க அடக்கிவிட்டு, தங்கவேலுக்குப் புரியும்படி வாயை மட்டும் நன்றாகத் திறந்து மூடிப் பேசினார். எல்லாம் சரி. கல்யாண மண்டபங்களில் கை கழுவும் இடத்துக்கு மேலே சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி பதித்திருப்பார்கள். அதை மட்டும் அவர் மறந்துவிட்டார்.

நான் பார்த்தது, கண்ணாடியில் ஒரு மனிதர் சத்தமில்லாமல் அப்பளம் மெல்வதை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தது வேறு. வரிசை முழுக்க முகங்கள் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பின.

பூங்கொடி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், செய்தி வாசிப்பது போன்ற குரலில் என் மகளிடம் சொன்னாள்: "தைன்னு சொன்னாத்தான் இந்தப் புள்ளைங்க நம்பும். புதங்கெழம சங்ககிரிக்காரன் லாரி கொண்டாரான், தறியக் கழட்டிருவோம். ஊடும் அவனுக்கேதான், பேசி முடிச்சாச்சு. தைக்கு இவ வந்தா வேற ஆளு குடியிருப்பான்." அதே குரலில் சேர்த்துக்கொண்டாள்: "இப்பச் சிரிக்கிறாருங்க."

அவள் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

என் மகள் பதறி எழுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன், அல்லது கத்துவது பற்றி ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். அவள் டீயைக் குடித்து முடித்தாள். அவர்கள் வந்து உட்காரும் வரை காத்திருந்தாள்.

"கந்தசாமி அண்ணா, ஒரே ஒரு வரி சேர்த்து எழுதிக்கலாம். தை வரைக்கும் தறியும் வீடும் கை மாறக் கூடாதுன்னு."

"அதெல்லாம் எதுக்குங்க எழுத்து. நம்ம குடும்பத்துக்குள்ள."

"புதன்கிழமை லாரி வருதாமே, அதுக்குத்தான்."

கந்தசாமியின் திருநீறு சுருங்கியது. "ஆரு சொன்னது?"

"நீங்கதானுங்க சொன்னீங்க" என்றது பெஞ்சு. ஒருவர் இருவர் இல்லை, வரிசையே.

"கண்ணாடியப் பாத்துட்டே சொன்னீங்க" என்றாள் வெற்றிலை போட்ட ஒரு அம்மாள்.

தங்கவேல் எழுந்தார். "நான் வாயே தொறக்கலைங்க."

"தொறக்காமயா, 'சங்ககிரிக்காரன நம்ப முடியாது மாமா'ன்ன?" என்றாள் அதே அம்மாள்.

கந்தசாமி மச்சானைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு குடும்பத்தின் வரலாறே இருந்தது.

மகள் குரலை உயர்த்தவில்லை. "இங்க பார்த்ததை நான் கோர்ட்ல சொல்லப் போறதில்ல. அதுக்குத் தேவையும் இல்ல. கல்யாணமாகி வந்து குடித்தனம் நடத்துன வீட்டுல இருந்து ஒரு பொண்ணை இப்படிப் பூட்டுப் போட்டு வெளிய நிறுத்த யாருக்கும் உரிமை கிடையாது. பத்திரம் யார் பேர்ல இருந்தாலும் சரி. சாவி இப்பவே வந்தா, வெள்ளையை அவங்க உள்ள இருக்கும்போதே அடிச்சுக்கலாம். வரலைன்னா நாளைக்குக் காலைல மனு போடுவேன். லாரிக்கு முன்னாடி."

அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். சட்டத்தை யோசித்திருக்கலாம். ஆனால் முடித்துவைத்தது அந்த வெற்றிலை அம்மாள்தான். "குடுத்துருங்க. சாயங்காலம் கரண்டு வந்து தறி ஓடுச்சுன்னா, இந்தச் சேதி சத்தமில்லாம ஊரச் சுத்திரும்" என்றாள். ஊர்த் தறிகளுக்கெல்லாம் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஓட்டிக் கொடுக்கும் தொழில் கந்தசாமிக்கு. எல்லாத் தறிக்கூடத்துக்கும் அவர் போய் வர வேண்டியவர். போகிற இடமெல்லாம் வாய்கள் அசையும்.

கந்தசாமி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். அத்தனை நேரமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. லாரி வேண்டாமென்று சங்ககிரிக்குப் போன் போட்டார், எல்லோர் முன்னாலும், குரலோடு. வீடும் தறியும் எங்கேயும் போகாது என்று எழுதிக் கையெழுத்தாயிற்று.

பூங்கொடி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ற பூட்டுச் சாவி இல்லீங்க இது. புதுசு." அப்புறம், "பரவால்ல. நல்ல பூட்டாத்தான் வாங்கியிருக்காரு" என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். தன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக இங்கே அழைத்து வரச் சொல்லி அம்மாவுக்குப் போன் செய்தாள். அந்தப் பேச்சின் நடுவில்தான் அவள் குரல் முதன்முறையாக உடைந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கேயும் கண்ணாடி இருந்தது. பெஞ்சு மொத்தமும் நாகரிகமாகக் கூரையைப் பார்த்தது.

எனக்கு உடனே யாரிடமாவது, நான்தான் இந்தப் பெண்ணின் அப்பா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. வெற்றிலை அம்மாளிடம் போய், ஒன்றும் தெரியாதது போல, "வக்கீல் நல்லாப் பேசுறாங்க இல்ல?" என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்தார். "வேணியோட அப்பாதான நீங்க? பசிக்குதுன்னவரு."

மாலையில் என்னை வழியனுப்ப மகளும் பூங்கொடியும் பேருந்து நிலையத்துக்கு வந்தார்கள். மகள் எடப்பாடியில் இருந்து, பூட்டைத் திறந்து தாயும் மகளும் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். பேருந்தில் ஏறும் முன் அவள் சொன்னாள்: "அப்பா, தறிக்கூடத்துல நீ சொன்னது எனக்குத் தெரியும். பூங்கொடியக்கா அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேக்குற மாதிரி இன்னொரு தடவ சொல்லுவியான்னு பார்த்தேன். சொல்லலையே."

பதில் சொல்வதற்குள் நடத்துநர் விசிலடித்தார். ஏறி உட்கார்ந்தேன். சன்னல் கண்ணாடியைத் தள்ளினேன். இறுகிப்போய் நகர மறுத்தது. வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கீழே மகள் கையைக் காதருகே வைத்து, என்ன என்றாள். சரி என்று, தறிக்கூடத்துப் பாணியில், கண்ணாடிக்கு நேராக வாயை நன்றாகத் திறந்து குரலில்லாமல் சொன்னேன்: "நீ இங்கயே இரு. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு."

மகளுக்குப் புரியவில்லை. பூங்கொடி அவள் பக்கம் சாய்ந்து என்னவோ சொன்னாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள், அடக்க முடியாத அந்தப் பழைய சிரிப்பு. அவளும் என்னைப் பார்த்து வாயசைத்து நீளமாக எதையோ சொன்னாள். எனக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. பேருந்து நகர்ந்துவிட்டது.

பக்கத்தில் தலைமுடியில் பஞ்சு ஒட்டிய ஒருவர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"பருப்புப் பொடி சீக்கிரம் தீந்துருமாம். அடுத்த தடவ உங்களத் தனியா அனுப்ப வேண்டாமாம், அம்மாளயே வந்து பாக்கச் சொல்றாங்க."

"ஓகோ."

அவர் இன்னொரு கடலையை உடைத்தார். "அப்பறம், அழுகாதீங்கன்னாங்க."

நான் அழவில்லை என்று அவரிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் என் வாயைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் கடலையைத் தள்ளி என் பக்கம் நீட்டினார்.